பல துறை கண்ட அறிஞரும் மேற்கோள் கணக்கும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஆண்டு விழாவில் பேசுவோர் பெரும்பாலும் இலக்கியம் பற்றியோ இசை பற்றியோ பேசுவது நம் சங்கத்தின் மரபு. நான் இந்நகரின் ஆராய்ச்சி நிலையம் ஒன்றில் நூலகப் பணியில் பல்லாண்டு இருந்தவன். ஆதலால், ஓர் அறிஞர் எழுதியவற்றை உலகம் எவ்வாறு எண்ணிக் கணக்கிடுகிறது, அக்கணக்கு எதைக் காட்டுகிறது, எதைக் காட்டத் தவறுகிறது என்பது பற்றிச் சில சொல்ல விரும்புகிறேன். பொருள் சற்று வறண்டதாகத் தோன்றலாம். ஆயினும் இங்கு அமர்ந்துள்ள பெற்றோர் பலரின் மக்கள் ஆய்வுக்கூடங்களிலும் கல்லூரிகளிலும் பணி தேடுகின்றனர். அவர்களுடைய வாழ்வை இந்தக் கணக்குத் தீர்மானிக்கிறது. எனவே இது நம் வீட்டுச் செய்தியே ஆகும்.

இதனை விளக்குதற்கு நாம் குடியேறி வாழும் இந்தப் புணே நகரில் வாழ்ந்து மறைந்த ஒருவரையே எடுத்துக்கொள்கிறேன். அவர் தாமோதர் தர்மானந்த கோசாம்பி. பிழைக்க வந்த ஊரின் அரிசி விலையையும் வாடகையையும் அறிந்துகொள்வது போலவே அவ்வூரில் வாழ்ந்த அறிஞரையும் அறிந்துகொள்ளுதல் வந்தோர்க்கு அழகு.

மேற்கோள் என்பது நமக்குப் புதியதன்று. நம் உரையாசிரியர்கள் ஒரு சொல்லுக்குப் பொருள் கூறினால், அதனை நிலைநாட்டப் பழைய நூல் ஒன்றிலிருந்து சான்று காட்டுவார்கள். ‘தகடூர் யாத்திரை’ என்னும் நூல் இன்று முழுமையாக நம்மிடம் இல்லை. உரைகாரர் எடுத்துக்காட்டியதாலும் தொகை நூலார் திரட்டி வைத்ததாலும் அதன் சில பாடல்கள் மட்டுமே எஞ்சின. மேற்கோள் காட்டுதல் என்பது நன்றிக்கடன். அத்துடன் அது நினைவுக் காப்பும் ஆகும். எடுத்துக்காட்டியவன் தன் கருத்துக்கு வலிவு தேடினான். அறியாமலேயே மற்றொருவன் நூலுக்கு உயிரும் கொடுத்தான். ஆனால் இளம்பூரணரை எத்தனை பேர் எத்தனை முறை எடுத்துக்காட்டினர் என்று எண்ணி, அவ்வெண்ணைக் கொண்டு அவருக்கும் பேராசிரியருக்கும் யார் பெரியவர் என்று தீர்ப்பளித்தவர் எவரும் இலர்.

எண்ணும் வழக்கம் இருபதாம் நூற்றாண்டில் தோன்றியது. நூலகத் துறையில் எண்ணியலைப் புகுத்த வேண்டும் என்று முன்னரே கூறியவர்களுள் ஒருவர் சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். இரங்கநாதன். கணித ஆசிரியராயிருந்து நூலகரான அப்பெரியார், 1948-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் நடைபெற்ற மாநாடொன்றில் ‘நூலக அளவியல்’ என்னும் துறைக்கு வித்திட்டார். எந்த நூலை எத்தனை பேர் படிக்கின்றனர், எத்தனை பணியாளர் தேவை என்பன போன்றவற்றைக் கணித முறையால் ஆராய்ந்து, படிப்பவர்க்குத் தொண்டு செய்வதே அவர் நோக்கம்.

அமெரிக்காவில் யூஜீன் கார்ஃபீல்டு என்பவர் 1955-இல் ‘சயின்ஸ்’ இதழில் ஒரு திட்டத்தை வெளியிட்டார். ஓர் ஆராய்ச்சிக் கட்டுரையைப் பின்வந்த எந்தெந்தக் கட்டுரைகள் எடுத்துக்காட்டின என்று பட்டியலிட்டால், ஒரு கருத்து எங்கெங்குச் சென்றது என்று தடம் பிடிக்கலாம் என்றார். 1960-களில் அவருடைய விஞ்ஞான மேற்கோள் அகராதி வெளிவரத் தொடங்கிற்று. நூலகத்தில் அதன் தடித்த தொகுதிகளைப் புரட்டியவர்களுக்கு அதன் அருமை தெரியும். அது தேடுவோர்க்கு வழிகாட்டும் பலகை. கால்நடைச் சந்தையில் மாட்டின் மேல் ஒட்டும் விலைச்சீட்டன்று.

ஆனால் பலகை நாளடைவில் சீட்டாயிற்று. எந்த இதழின் கட்டுரைகள் சராசரியாக எத்தனை முறை எடுத்துக்காட்டப்படுகின்றன என்று கணக்கிட்டு இதழ்களைத் தரம் பிரித்தனர். பின்னர் 2005-ஆம் ஆண்டில் கலிபோர்னியாவைச் சேர்ந்த இயற்பியல் அறிஞர் ஹோர்ஹே ஹிர்ஷ், ஆளுக்கு ஓர் எண் வகுத்தார். அதன் முறை எளிது. ஒருவர் எழுதிய கட்டுரைகளுள் 10 கட்டுரைகள் ஒவ்வொன்றும் 10 முறையாவது எடுத்துக்காட்டப்பட்டு, 11 கட்டுரைகள் அவ்வாறே 11 முறையை எட்டவில்லையானால், அவருடைய எண் 10.

இவ்வெண்ணின் இயல்பை ஒரு சிறு கணக்கால் காணலாம். ஒருவர் ஐந்து கட்டுரைகள் எழுதினார். அவை முறையே 100, 60, 4, 3, 1 தடவை எடுத்துக்காட்டப்பட்டன என்று கொள்வோம். அவருடைய மொத்த மேற்கோள் 168. ஆனால் ஹிர்ஷ் எண் 3. மற்றொருவரும் ஐந்து கட்டுரைகள் எழுதினார். ஒவ்வொன்றும் 5 தடவை மட்டுமே எடுத்துக்காட்டப்பட்டது. அவருடைய மொத்தம் 25; ஆனால் ஹிர்ஷ் எண் 5. இருவருள் யார் பெரியவர்? மொத்தத்தைப் பார்த்தால் முன்னவர். எண்ணைப் பார்த்தால் பின்னவர். கட்டுரைகளைப் படித்தால் யார் என்று நமக்குத் தெரியாது. ஏனெனில் நாம் இன்னும் படிக்கவில்லை. இந்த ஒரு வாக்கியத்தை நினைவிற் கொள்ளுங்கள். என் பேச்சின் சாரம் அதுவே.

இனிக் கோசாம்பியிடம் வருவோம். அவர் 1907-ஆம் ஆண்டு ஜூலை 31-ஆம் நாள் கோவாவில் கோஸ்பென் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை தர்மானந்தர் பௌத்த நூல்களில் ஆழ்ந்த புலமையுடையவர். சிறுவனாக இருந்தபோதே தந்தையுடன் அமெரிக்கா சென்ற தாமோதர், 1929-இல் ஹார்வர்டு பல்கலைக் கழகத்தில் பட்டம் பெற்றுத் தாயகம் திரும்பினார். காசியிலும் அலிகாரிலும் கற்பித்த பின், 1933 முதல் பன்னிரண்டு ஆண்டுகள் நம் புணேயின் பெர்கூசன் கல்லூரியில் கணிதம் கற்பித்தார். பின்னர் ஹோமி பாபாவின் அழைப்பின் பேரில் பம்பாயில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் பேராசிரியரானார். அப்பொழுதும் வீடு புணேயில்தான். டெக்கான் குயின் வண்டியே அவருடைய படிப்பறை என்று சொல்லும்படி நாள்தோறும் போய் வந்தார். 1966-ஆம் ஆண்டு ஜூன் 29-ஆம் நாள் இந்நகரிலேயே மறைந்தபோது அவருக்கு வயது 58.

அவர் எழுதியவற்றின் பட்டியலை எடுத்துப் பார்ப்பவர், இது ஒருவர் பட்டியலா, ஒரே பெயருடைய ஐவர் பட்டியலா என்று மயங்குவர்.

முதலாவது, வடிவக் கணிதம். 1933-இல் ஜெர்மானியக் கணித இதழொன்றில் ‘வழிகளின் வெளி’ பற்றி அவர் கட்டுரை எழுதினார். ஒரு பொருள் செல்லும் பாதையைக் குறிக்கும் சமன்பாடுகளை வடிவக் கணிதத்தின் கண்கொண்டு நோக்கும் முயற்சி அது. அக்கட்டுரையை அடுத்த பக்கத்திலேயே, பிரான்சு நாட்டின் பெருங்கணிதர் எலி கார்த்தான் அதன் மீது எழுதிய குறிப்புகள் அச்சாயின. 1939-இல் சீன அறிஞர் செர்ன் அதனை வளர்த்தார். இன்று அக்கோட்பாடு கோசாம்பி, கார்த்தான், செர்ன் ஆகிய மூவர் பெயராலும் வழங்குகிறது. 1934-இல் இராமானுஜன் நினைவுப் பரிசு கோசாம்பிக்கு வழங்கப்பெற்றது.

இரண்டாவது, புள்ளியியல். மூன்றாவது, மரபியல். இவ்விரண்டையும் சற்றே நிறுத்திப் பின்னர் விரிவாகச் சொல்வேன்.

நான்காவது, பழங்காசு ஆராய்ச்சி. தட்சசீலத்தில் மண்ணிலிருந்து எடுத்த வெள்ளி முத்திரைக் காசுகளில் மன்னன் பெயரும் இல்லை, ஆண்டும் இல்லை. அவற்றைக் காலமுறைப்படி வரிசைப்படுத்துவது எவ்வாறு? கோசாம்பி தராசை எடுத்தார். காசு கைமாறக் கைமாறத் தேய்கிறது. ஒரே காலத்துக் காசுகளாயினும் சில மிகுதியாகவும் சில குறைவாகவும் தேயுமாதலால், ஆண்டுகள் செல்லச் செல்லச் சராசரி எடை குறையும். எடைகளுக்கிடையே உள்ள வேறுபாடு மிகும். இதனைச் சோதிக்கத் தம் காலத்துச் செலாவணிக் காசுகளையே ஆயிரக்கணக்கில் நிறுத்துப் பார்த்தார். பின்னர் அவ்விதியைப் பழங்காசுகளுக்குப் பொருத்தினார். கடைத்தெருவில் சில்லறை மாற்றும் செயலில் வரலாற்றுக்கு ஒரு கடிகாரம் இருப்பதைக் கண்டவர் அவர்.

ஐந்தாவது, வடமொழிச் சுவடிகளும் வரலாறும். பர்த்ருஹரியின் பாடல்களை நூற்றுக்கணக்கான சுவடிகளோடு ஒப்பிட்டு, 1948-இல் செம்பதிப்பு வெளியிட்டார். வித்யாகரர் தொகுத்த ‘சுபாஷித ரத்ன கோசம்’ என்னும் நூலை வி. வி. கோகலே அவர்களுடன் சேர்ந்து பதிப்பிக்க, அது 1957-இல் ஹார்வர்டு வரிசையில் வந்தது. 1956-இல் வெளியான ‘இந்திய வரலாற்று ஆய்வுக்கு ஓர் அறிமுகம்’ என்னும் நூல், மன்னர் பட்டியலாக இருந்த வரலாற்றை உழவனும் கொல்லனும் வணிகனும் வாழ்ந்த வாழ்க்கையின் வரலாறாக மாற்றிக் காட்டிற்று. புணேயைச் சுற்றியுள்ள மலையடிவாரங்களில் நடந்து, சிறு கற்கருவிகளைப் பொறுக்கி, ஊர்த் தெய்வங்களின் கதைகளைக் கேட்டு, கார்லே குகையின் கல்வெட்டுகளைப் படித்து எழுதியவை அவருடைய கட்டுரைகள். 1962-இல் ‘புராணமும் உண்மையும்’ என்ற பொருள்படும் நூலும், 1965-இல் பண்டை இந்தியப் பண்பாடு பற்றிய நூலும் வெளிவந்தன.

“பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான்” என்பது நம் பழமொழி. இவர் பல மரம் கண்டார். பல மரங்களை வெட்டியும் காட்டினார். ஆனால் மேற்கோள் கணக்கர் இவரை எவ்வாறு அளப்பர்? இதற்குத்தான் நான் நிறுத்தி வைத்த இரண்டு கட்டுரைகளை இப்பொழுது எடுக்கிறேன். இரண்டும் அவர் பெர்கூசன் கல்லூரி ஆசிரியராக இருந்த காலத்தவை. இரண்டிற்கும் இடையே ஓராண்டே இடைவெளி.

முதற் கட்டுரை 1943-ஆம் ஆண்டு இந்தியக் கணிதக் கழகத்தின் இதழில் வந்தது. அதன் பெயரைத் தமிழில் ‘சார்பு வெளியில் புள்ளியியல்’ எனலாம். இக்கழகம் நமக்கு நெருங்கியது. 1907-இல், கோசாம்பி பிறந்த அதே ஆண்டில், அதைத் தோற்றுவித்தவர் வி. இராமசாமி ஐயர். இராமானுஜனின் முதற் கட்டுரை 1911-இல் வெளிவந்ததும் இவ்விதழிலேதான். அப்பெருமைமிக்க இதழில் கோசாம்பி சொன்னது என்ன? தாறுமாறாக ஏறி இறங்கும் ஓர் அலையை, ஒன்றோடொன்று கலவாத சில அடிப்படை அலைகளின் கூட்டாகப் பிரிக்கலாம். அவற்றுள் முதன்மையான சிலவற்றை மட்டும் வைத்துக்கொண்டு எஞ்சியவற்றை விட்டாலும் பெரும்பகுதிச் செய்தி காப்பாற்றப்படும் என்பதே அதன் கருத்து. பின்னாளில் படங்களைச் சுருக்கிச் சேமிப்பதிலும், முகங்களை அடையாளம் காண்பதிலும், நீரும் காற்றும் சுழன்றோடும் ஓட்டத்தை ஆராய்வதிலும் இக்கருத்தே கருவியாயிற்று. ஆனால் அது எந்தப் பெயரால் உலகில் பரவிற்று? அடுத்த சில ஆண்டுகளில் இதே முடிவைத் தனித்தனியே கண்ட பின்லாந்தின் கார்ஹூனன், பிரெஞ்சு மொழியில் எழுதிய லோயேவ் ஆகிய இருவர் பெயரால் பரவிற்று. கோசாம்பியின் பெயரையும் முன்னே சேர்த்து வழங்கும் வழக்கம் மிகப் பிற்காலத்தில்தான் சிலரிடையே தோன்றியது.

இரண்டாம் கட்டுரை 1944-இல் இங்கிலாந்தில் ‘அன்னல்ஸ் ஆஃப் யூஜெனிக்ஸ்’ இதழில் வந்தது. அது நான்கே பக்கம். உயிர்களின் மரபுக் கூறுகள் குரோமோசோம் என்னும் இழையில் மணிகள் போல் வரிசையாக அமைந்துள்ளன. இரு மணிகளுக்கு இடையே தொலைவு மிகுந்தால், சந்ததியில் அவை பிரிந்து வேறு சேர்க்கை பெறும் வாய்ப்பும் மிகும். ஆனால் இவ்வாய்ப்பு நூற்றுக்கு 50-க்கு மேல் செல்லாது. ஆதலால் வாய்ப்பை அப்படியே தொலைவாகக் கொள்ள இயலாது. 1919-இல் ஹால்டேன் ஒரு சூத்திரம் தந்தார். ஓரிடத்தில் இழை அறுந்து மாறினால் அருகே மற்றொரு மாற்றம் நிகழ்வதற்குத் தடை ஏதுமில்லை என்று அவர் கொண்டார். உண்மையில் பல உயிர்களில் அத்தடை உண்டு. அத்தடையையும் கணக்கிற் சேர்த்தது கோசாம்பியின் சூத்திரம். சேர்க்கை மாறும் வாய்ப்பு நூற்றுக்கு 25 என்று கண்டால், ஹால்டேன் முறையில் தொலைவு ஏறத்தாழ 34.7 அலகு, கோசாம்பி முறையில் 27.5 அலகு. நெல்லுக்கும் கோதுமைக்கும் பருத்திக்கும் மரபு வரைபடம் தீட்டும் ஆய்வாளர் இன்றும் இந்தச் சூத்திரத்தைப் பயன்படுத்துகின்றனர். மரபியல் கணிப்புக்கான கணிப்பொறி நிரல்களில் ‘கோசாம்பி’ என்பது தேர்ந்தெடுக்க வேண்டிய ஒரு வழியாகவே எழுதப்பட்டுள்ளது.

பெருமக்களே, இவ்விரண்டையும் ஒருங்கே வைத்து நோக்குங்கள். எழுதியவர் ஒருவர், ஊர் ஒன்று, மேசையும் ஒன்றாகவே இருந்திருக்கலாம். ஒன்று அவர் பெயரை உலகெங்கும் சுமந்து சென்றது. மற்றொன்று பிறர் பெயரைச் சூடிக்கொண்டது. முன்னது உயர்ந்தது, பின்னது தாழ்ந்தது என்று சொல்ல முடியுமா? முடியாது. ஒன்று அத்துறையினர் வழக்கமாகப் படிக்கும் இதழில் வந்தது. அன்றாடம் கையாள எளிய சூத்திரமாக இருந்தது. மற்றொன்று போர்க்காலத்தில் இந்திய இதழொன்றில் வந்தது. அதனைத் தேவைப்படுத்தும் இயந்திரங்கள் அன்று பிறக்கவில்லை. மேற்கோள் எண், கருத்தின் உயரத்தை மட்டும் அளக்கவில்லை. கருத்து எந்தக் கடையில் விற்பனைக்கு வைக்கப்பட்டது, வாங்குவோர் எத்தனை பேர் அவ்வழியே சென்றனர் என்பதையும் சேர்த்தே அளக்கிறது.

இன்னும் ஒன்று. துறைக்குத் துறை வழக்கம் வேறு. உயிரியலில் ஒரு கட்டுரை பலரை எடுத்துக்காட்டும். ஆண்டுதோறும் ஏராளமான கட்டுரைகள் வரும். கணிதத்தில் சிலவற்றையே காட்டுவர். வரலாற்றிலும் பதிப்புத் துறையிலும் அறிஞர் தம் வாழ்நாள் உழைப்பை நூலாகவே தருவர்; மேற்கோள் அகராதிகளோ நெடுங்காலம் இதழ்க் கட்டுரைகளை மட்டுமே முதன்மையாகக் கொண்டன. எனவே கோசாம்பியின் நான்கு பக்க மரபியல் கட்டுரையையும், நூற்றுக்கணக்கான சுவடிகளை ஒப்பிட்டு எழுந்த பர்த்ருஹரி பதிப்பையும் ஒரே தராசில் இட்டால், தராசு பொய் சொல்லும். காசுகளை நிறுத்த அவருக்கு ஒரே வகைக் காசுகளை மட்டும் ஒப்பிட வேண்டும் என்பது தெரிந்திருந்தது. அவரை நிறுப்பவர்க்கும் அது தெரிந்திருக்க வேண்டாமா?

மேற்கோளின் மற்றொரு விந்தையையும் கோசாம்பியின் வாழ்விலேயே காணலாம். அலிகாரில் அவருடன் பணியாற்றிய பிரெஞ்சுக் கணிதர் ஆந்த்ரே வெய்ல் தூண்ட, 1931-இல் ‘பூர்பாக்கியின் இரண்டாம் தேற்றம்’ பற்றி அவர் ஒரு குறிப்பு எழுதி வெளியிட்டார். பூர்பாக்கி என்றொரு கணிதர் இல்லவே இல்லை. அது முழுவதும் வேடிக்கை. சில ஆண்டுகளுக்குப் பின்னர் வெய்லும் நண்பர்களும் அப்பெயரையே புனைபெயராகக் கொண்டு உலகப் புகழ்பெற்ற கணித நூல் வரிசையை எழுதினர். பிறவாத மனிதனுக்கும் மேற்கோள் உண்டு என்பதை இதனால் அறிகிறோம். மறுபுறம், கோசாம்பியே 1960-களில் சில கணிதக் கட்டுரைகளை எஸ். டுக்ரே என்ற புனைபெயரில் எழுதினார். அவற்றின் மேற்கோளை எந்தக் கணக்கில் எழுதுவது?

வேறொரு நுட்பமும் உண்டு. ஒரு கருத்து எல்லாருடைய உடைமையும் ஆகிவிட்டால், அதனைக் கண்டவர் பெயரை எவரும் குறிப்பதில்லை. சூத்திரத்தைக் கோசாம்பி சூத்திரம் என்று சொல்லி மேலே செல்கின்றனரேயன்றி, 1944-ஆம் ஆண்டுக் கட்டுரையைச் சுட்டாமலும் விடுகின்றனர். அமெரிக்கச் சமூகவியலறிஞர் இராபர்ட் மெர்ட்டன் இதனை ஆராய்ந்து, உட்கலந்து மறைதல் என்ற கருத்தை வகுத்தார். உப்பு முழுவதும் கரைந்த பின்னரே கறி சுவைக்கிறது. ஆனால் அப்பொழுது உப்பைக் கண்ணாற் காண முடியாது.

ஆயினும் ஒருதலையாகப் பேசுதல் நேர்மையன்று. பல துறைகளில் இறங்குதல் எப்பொழுதும் வெற்றியே தரும் என்று நான் கூறவில்லை. 1959-இல் வேளாண்மைப் புள்ளியியல் இதழொன்றில் கோசாம்பி வெளியிட்ட கட்டுரை, கணிதத்தின் தீராப் பெரும் புதிர்களுள் ஒன்றான ரீமான் கருதுகோளை நிறுவும் நோக்கத்தது. அந்நிறுவலைக் கணித உலகம் ஏற்கவில்லை. 1962-இல் அவருடைய ஆராய்ச்சி நிலையப் பணி ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. பின்னர் 1964-இல் விஞ்ஞான, தொழில் ஆராய்ச்சிக் கழகத்தின் மதிப்புறு விஞ்ஞானியாகப் புணேயில் பணியாற்றினார். அவருடைய வரலாற்று முடிவுகளுள்ளும் பின்வந்தோர் மறுத்தவை உண்டு. ஆனால் இங்கும் கவனியுங்கள்: அந்தக் கணிதக் கட்டுரை தவறு என்று கண்டவர்கள் எண்ணிக் கண்டதில்லை, படித்துக் கண்டனர். மறுக்கப்பட்ட கட்டுரைக்கும் மேற்கோள் ஏறும். புகழ்ந்து காட்டியது எது, இகழ்ந்து காட்டியது எது என்று எண் அறியாது.

மேற்கோள் கணக்கை முற்றிலும் ஒழிக்க வேண்டும் என்றும் நான் சொல்லேன். பரிந்துரைக் கடிதமும் உறவினர் செல்வாக்கும் ஆளும் இடத்தில், செல்வாக்கற்ற ஏழை மாணவனுக்கு எண் ஓர் ஊன்றுகோல். “இன்னார் மகன்” என்று சொல்ல வழியில்லாதவன், “என் கட்டுரையை இத்தனை பேர் பயன்படுத்தினர்” என்று சொல்லலாம். இந்நன்மையை மறக்கலாகாது. ஊன்றுகோல் நடக்க உதவும். ஆனால் ஊன்றுகோலையே ஆள் என்று எண்ணி நாற்காலியில் அமர்த்துவது அறியாமை.

இன்று நிலை என்ன? நம் நாட்டில் உயர்கல்வி நிலையங்களைத் தரவரிசைப்படுத்தும் தேசிய அமைப்பு 2015-இல் வகுக்கப்பட்டு, 2016 முதல் பட்டியல் வெளியிடுகிறது. கட்டுரை எண்ணிக்கையும் மேற்கோள் எண்ணிக்கையும் அதன் அளவுகோல்களுள் அடங்கும். நிலையத்தின் இடம் உயர ஆசிரியர் எழுத வேண்டும். ஆசிரியர் உயரவும் எழுத வேண்டும். கேட்பது எண்ணிக்கையானால் கிடைப்பதும் எண்ணிக்கையே. ஒரு கட்டுரையில் அடங்குவதை மூன்றாகக் கூறிடுவோரும், ஒருவர் மற்றவரை முறைவைத்து எடுத்துக்காட்டும் கூட்டங்களும், பணம் வாங்கிக்கொண்டு படிக்காமலே அச்சிடும் இதழ்களும் தோன்றியது இதனால்தான்.

நான் பணியிலிருந்த காலத்தில் ஓர் இளைஞர் நூலகத்திற்கு வந்தார். தமிழர், தந்தை இந்நகரில் தொழிற்சாலைப் பணியாளர். தாவரவியலிலும் புள்ளியியலிலும் ஒருங்கே உழைத்தவர். வேலைக்கான நேர்முகத் தேர்வு ஒன்றில் அவரிடம் இரண்டே வினாக்கள் கேட்டனராம்: “உம்முடைய எண் என்ன? உம்முடைய துறை எது?” முதல் வினாவிற்கு அவருடைய விடை சிறியது, இரண்டாம் வினாவிற்கு அவருடைய விடை நீண்டது. இரண்டும் குற்றமாயின. அவர் எழுதிய கட்டுரைகளுள் ஒன்றையேனும் அங்கு எவரும் கையில் வைத்திருக்கவில்லை. “அண்ணா, இனி ஒரே துறையில் நின்று கணக்கை ஏற்றலாமா, மனம் சென்ற வழியே போகலாமா?” என்று என்னைக் கேட்டார். எளிய வினாவன்று அது. மனம் சென்ற வழியே போ என்று சொல்வது பிறர் பசியை அறியாதவர் பேச்சு. “வேலை கிடைக்கும் வரை ஒரு துறையை வீடாகக் கொள்ளுங்கள், மற்றத் துறைக்குச் செல்லும் கதவைத் தாழிடாதீர்கள்” என்றேன். அவர் அவ்வாறே செய்தார். பிறகு வெளிநாடு சென்றுவிட்டார். அந்த அறையில் இழப்புக்கு ஆளானவர் யார் என்று இன்றும் எண்ணுகிறேன்.

உலகில் அறிஞர் பலர் இக்குறையை உணர்ந்துள்ளனர். 2012-இல் சான்பிரான்சிஸ்கோ நகரில் உருவான அறிக்கை, இதழின் சராசரி எண்ணைக் கொண்டு தனி மனிதரின் தகுதியை முடிவு செய்யலாகாது என்று கூறிற்று. 2015-இல் லெய்டன் நகரின் பெயரால் வெளிவந்த அறிக்கை பத்து நெறிகளை வகுத்தது. துறைக்குத் துறை வழக்கம் வேறுபடுவதைக் கணக்கிற் கொள்ள வேண்டும். நாட்டு மொழிகளில் அந்தந்த நாட்டுக்காகச் செய்யும் ஆராய்ச்சியைக் காக்க வேண்டும். எண் என்பது அறிந்தவரின் தீர்ப்புக்குத் துணையாகலாமேயன்றி அத்தீர்ப்பின் இடத்தில் அமரலாகாது என்பன அவற்றுள் சில. தமிழில் எழுதும் ஆராய்ச்சியாளர்க்கு இந்நெறி எத்துணை இன்றியமையாதது என்பதை நான் விரித்துரைக்க வேண்டியதில்லை.

நாம் செய்யத்தக்கது என்ன? இந்த அவையில் கல்லூரிகளின் தேர்வுக் குழுக்களில் அமர்வோர் சிலர் உள்ளனர். அவர்களுக்கு என் பணிவான வேண்டுகோள்: வருபவரிடம், “உம்முடைய சிறந்த கட்டுரைகள் இரண்டைக் கொடும்” என்று கேட்டு, முதல்நாள் இரவு படித்துவிட்டுச் செல்லுங்கள். இளைஞர்களுக்கு ஒரு சொல்: யாரிடமிருந்து கற்றீர்களோ அவர் பெயரைத் தவறாது குறியுங்கள், படிக்காததைப் படித்ததாகக் காட்டாதீர்கள், இந்திய இதழ்களையும் திறந்து பாருங்கள். 1943-ஆம் ஆண்டுக் கட்டுரை போன்ற மற்றொன்று அங்கே கண்மூடிக் கிடக்கலாம். பெற்றோர்க்கு ஒரு சொல்: உங்கள் மகளோ மகனோ தம் துறையை விட்டு வேறொரு துறையின் நூலை விரும்பிப் படித்தால், வழிதவறியதாக அஞ்ச வேண்டாம்.

கோசாம்பியின் கணிதக் கட்டுரைகளின் தேர்ந்த தொகுப்பு 2016-இல், அவர் மறைந்து 50 ஆண்டுகள் கடந்தபின், வெளிவந்தது. இந்தியவியல் கட்டுரைகளின் தொகுப்பு 2002-இல் வந்தது. 2008-இல் அஞ்சல் துறை அவர் நினைவாக அஞ்சல்தலை வெளியிட்டது. கணிதர்க்கு ஒரு தொகுதி, வரலாற்றாசிரியர்க்கு வேறு தொகுதி என்று அவரை இன்னும் கூறுபடுத்தியே வைத்திருக்கிறோம். நம் சங்க நூலகத்தில் இவ்விரண்டையும் ஒரே அலமாரியில் அடுத்தடுத்து வைக்க வேண்டும் என்று செயற்குழுவினரை வேண்டிக்கொள்கிறேன். ஒன்றை எடுக்க வருபவர் மற்றொன்றையும் தொடட்டும். அவருடைய நூல்களைத் தமிழிற் படித்து விவாதிக்க மாதம் ஒரு மாலை ஒதுக்கினால், இந்நகருக்கு நாம் செலுத்தும் நன்றியாகவும் அது அமையும்.